நாலு அடித்தால் அரை

பிப்ரவரி 5, செவ்வாய்

லேபிள் பிரிண்டர் வந்துவிட்டது. புதியது அல்ல. மதுரையில் ஒரு கூரியர் கம்பெனி கழித்துப்போட்டதை டிரஸ்ட்காரர்கள் வாங்கிவந்து என் மேஜையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கு ஆங்கில எழுத்தும் எண்களும்தான் தெரியும்.

நிர்வாக அதிகாரி வந்து பார்த்தார். அவரை எல்லோரும் ஏ.ஓ. சார் என்போம்.

"ஏம்ப்பா தில்லை, இதுல தமிழ் வர வைக்க முடியுமா? சுகர் கிளினிக்குக்கு வர்ற பாதிப் பேருக்கு இங்கிலீசு தெரியாது."

முடியும் சார் என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. அருப்புக்கோட்டையில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் ஆறு வருடமாக மவுஸ் மாற்றிக்கொண்டும், பாஸ்வேர்டு மறந்தவர்களுக்குப் புதிது போட்டுக்கொடுத்துக்கொண்டும் இருக்கிறவன் நான். கதவில் கம்ப்யூட்டர் செக்‌ஷன் என்று எழுதியிருக்கிறது. உள்ளே நான் ஒருவன்தான். யாராவது உருப்படியாக ஒன்று கேட்டால் முடியாது என்று சொல்ல வாய் வராது.

பிப்ரவரி 9, சனி

வழி கிடைத்தது. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. பிரிண்டருக்குத் தெரியாத எழுத்தை நாமே புள்ளிகளால் வரைந்து அதன் நினைவகத்தில் ஏற்றலாம். ஓர் எழுத்துக்கு இருபத்து நான்கு வரிசை, வரிசைக்கு இருபத்து நான்கு கட்டம். கறுக்க வேண்டிய கட்டத்துக்கு ஒன்று, வெள்ளைக்குச் சுழி. எட்டுக் கட்டம் சேர்ந்தால் ஓர் எண். ஆக, ஓர் எழுத்துக்கு எழுபத்திரண்டு எண்கள்.

கட்டம் போட்ட நோட்டு வாங்கிவந்து ‘மா’ வரைந்தேன். முதல் தடவை அச்சில் கால் உடைந்த நாற்காலி மாதிரி வந்தது. மூன்றாவது தடவை தேறிவிட்டது. அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுகந்தாவிடம் காட்டினேன். என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். "துணைக்கால் தள்ளி நிக்குது" என்றாள். நன்றாயிருக்கிறது என்று சொல்ல அவளுக்கு மனம் வராது.

பிப்ரவரி 23, சனி

அறுபத்தெட்டு வடிவங்கள் முடிந்தன. காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை, ‘சாப்பிடும் முன்’, ‘சாப்பிட்ட பின்’ எல்லாம் உண்டு. எல்லாவற்றையும் பிரிண்டரின் நிரந்தர நினைவகத்தில் ஏற்றியாயிற்று. கரண்ட் போனாலும் அழியாது.

மீதி கொஞ்சம் இடம் இருந்தது. அதில் ஆஸ்பத்திரிச் சின்னமான குத்துவிளக்கைப் பெரிதாக வரைந்து ஏற்றினேன். யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டு எழுத்துக்கான இடத்தை அது ஒன்றே பிடித்துக்கொண்டது. ஏ.ஓ. சார் லேபிளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "விளக்கு ஜோரா எரியுதேப்பா" என்றார். டிரஸ்ட் மீட்டிங்கில் காட்ட என்று பத்து லேபிள் வாங்கிக்கொண்டு போனார். இன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

மார்ச் 4, திங்கள்

மருந்தகத்தின் இரண்டாம் கவுண்டரில் இருக்கும் பிரகாசி அக்கா என் அறைக்கு வந்தார். பத்தொன்பது வருட சர்வீஸ். சுகர், பிரஷர் நோயாளிகள் எல்லோரும் அவர் கவுண்டர்தான்.

"தம்பி, லேபிள் நல்லாத்தான் இருக்கு. அரை மாத்திரைக்கு ஒரு வழி பண்ணுங்க. இப்ப அதை மட்டும் பேனாவுல எழுதிக்கிட்டு இருக்கேன். எழுத்துத் தெரியாம நம்பர் மட்டும் தெரிஞ்சவுக நெறைய இருக்காக. பஸ் நம்பர் பாத்து ஏறுறவுக. அவுகளுக்கு நான் அரைன்னு எழுதி என்ன பிரயோசனம்?"

படம் போட்டால் புரியும் என்றேன். வட்டம், பாதி கறுப்பு, பாதி வெள்ளை. அக்காவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

மார்ச் 5, செவ்வாய்

இரண்டு இடைஞ்சல். மருந்தக சாஃப்ட்வேரில் ‘வேளைக்கு எத்தனை’ என்ற கட்டம் ஒற்றை எண்ணைத் தவிர எதையும் ஏற்காது. மாற்றித் தரச் சொன்னால் சென்னைக் கம்பெனிக்காரன் ஃபோனையே எடுப்பதில்லை. ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். ஒரே வேளைக்கு நான்கு மாத்திரை எழுதுகிற டாக்டர் இங்கே கிடையாது. ஐந்து வருடப் பதிவுகளைத் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. அந்தக் கட்டத்தில் மட்டும், சும்மா கிடக்கும் 4-இன் இடத்தில் அரை வட்டத்தை உட்கார வைத்தேன். பிரகாசி அக்கா கட்டத்தில் நாலு அடித்தால் லேபிளில் அரை வட்டம் வரும்.

இரண்டாவது இடைஞ்சல், நிரந்தர நினைவகம் நிரம்பிவிட்டது. விளக்கை அழித்தால் இடம் கிடைக்கும். டிரஸ்ட் மீட்டிங்கில் காட்டியதை எப்படி அழிப்பது? படத்தைத் தற்காலிக நினைவகத்தில் வைத்துவிட்டேன். அது பிரிண்டர் அணைந்தால் மறந்துபோகும். பரவாயில்லை. தினம் காலையில் கவுண்டர் கம்ப்யூட்டரைப் போட்டதும் அதுவே படத்தை மறுபடி அனுப்பிவிடும்படி செய்திருக்கிறேன்.

"நாலு அடிச்சா அரை. ஞாபகம் வச்சுக்கோங்கக்கா" என்றேன்.

"நாலு அடிச்சா அரை, நாலு அடிச்சா அரை" என்று சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே போனார்.

மார்ச் 26, செவ்வாய்

பிரகாசி அக்கா நாலு இட்லி கேட்டதற்கு, கேண்டீன்காரர் "அரை இட்லி எப்பிடிம்மா குடுக்குறது?" என்றாராம். இப்போது இதுதான் எங்களுக்குள் கேலி.

மே 14, செவ்வாய்

சுகர் கிளினிக். நூற்றுத் தொண்ணூறு டோக்கன். எக்ஸ்ரே அறையில் எலி வயரைக் கடித்துவிட்டது, காலை முழுதும் ஏணி மேல்தான். பதினொன்றரைக்குப் பிரகாசி அக்கா ஃபோன், லேபிள் உள்ளே சிக்கிக்கொண்டதாம். எடுத்துவிட்டு ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்றேன். சரியாகிவிட்டது. மதியம் எலுமிச்சைச் சாதம்.

மே 16, வியாழன்

காலையில் அவசரப் பிரிவில் ஒரே கூட்டம். அய்யாக்குட்டி என்று ஒருவர், வயது ஐம்பத்தெட்டு, விசைத்தறியில் வேலை. தறிக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டாராம். சர்க்கரை இருபத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. ஐ.சி.யூ.வில் இருக்கிறார். நினைவு இல்லை.

நெட்வொர்க் கேபிள் இரண்டு பெட்டி வந்தது. ஸ்டாக்கில் ஏற்றினேன்.

மே 17, வெள்ளி

கேண்டீனில் இதே பேச்சு. அய்யாக்குட்டிக்கு சர்க்கரை மாத்திரை காலையில் அரை. அவர் மனைவி வெள்ளத்தாய் புதன் காலை நான்கு, வியாழன் காலை நான்கு கொடுத்திருக்கிறார். மாத்திரைக் கவரைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்களாம். சூரியனுக்குக் கீழே 4 என்று இருக்கிறதாம்.

பிரகாசி அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். விசாரணை நடக்கும்.

மதியம் பதிவுகளைப் பார்த்தேன். செவ்வாய் பதினொன்றரைக்குப் பிறகு அரை மாத்திரை வாங்கியவர்கள் மூன்று பேர். மற்ற இரண்டு பேருக்கும் நானே ஃபோன் செய்தேன். மருந்தகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னேன். லேபிளில் அச்சுப்பிழை, அரை மாத்திரைதான் போட வேண்டும் என்றேன். ஒருவர் வாத்தியார், "நாலுன்னு பாத்ததுமே தெரியும் தம்பி, நாங்க பழையபடி அரைதான் போடுறோம்" என்றார். இன்னொரு வீட்டில் மாத்திரையை இன்னும் பிரிக்கவில்லை.

சாயங்காலம் பிரிண்டர் ஃபைல்களை ஒழுங்குபடுத்தினேன். ரொம்ப நாளாகச் செய்ய வேண்டிய வேலை.

மே 18, சனி

ஏ.ஓ. சார் இரண்டாம் கவுண்டருக்குக் கூப்பிட்டார்.

"நாலு அடிச்சா அரைப் படம் வரும்னு அந்தம்மா சொல்லுது. அப்படியா? அடிச்சுக் காட்டு."

நாலு அடித்தேன். 4 வந்தது.

"அப்ப அரைப் படம் எப்படி வருது?"

ஒன்பது அடித்தேன். அரை வட்டம் வந்தது.

"அதான பாத்தேன். ஒம்பதுக்குப் பதிலா நாலு அடிச்சுருக்கு" என்றார். நான் அடித்துத்தான் காட்டினேன்.

போகும்போது லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விளக்கு எங்கப்பா?"

இடம் போதவில்லை சார் என்றேன்.

மே 19, ஞாயிறு

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. இதிலும் மறைத்தால் நான் என்ன ஜென்மம்?

நடந்தது இதுதான். பிரிண்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னது நான். தற்காலிக நினைவகத்திலிருந்த அரை வட்டம் அப்போது போய்விட்டது. கம்ப்யூட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் படத்தை மறுபடி அனுப்பவில்லை. அதற்குப் பிறகு நாலு அடித்தால் பிரிண்டர் தனக்குத் தெரிந்த 4-ஐ அடித்தது.

அக்கா லேபிளைப் பார்க்காமல் ஒட்டியிருக்க மாட்டார். பார்த்திருப்பார். இரண்டு மாதத்துக்கு மேலாக நாலு என்றாலே அரை என்று நான்தான் அவர் கண்ணைப் பழக்கியிருக்கிறேன். அவருக்கு அது சரியாகவே தெரிந்திருக்கும். இப்படி ஒரு தப்பு இந்த உலகத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் நடக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். விளக்கை அழித்தேன். அரை வட்டத்தை நிரந்தர நினைவகத்தில் ஏற்றினேன். 4-இலிருந்து எடுத்து 9-க்கு மாற்றினேன். இனி இந்த ஆபத்து யாருக்கும் வரக்கூடாது என்றுதான் செய்தேன். விளக்கை அழிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

9-க்கு ஏன் மாற்றினேன்? நிரந்தரமாக ஏற்றிய பிறகு 4-இலேயே விட்டிருக்கலாமே? ஒன்பதைப் பார்த்தால் யாரும் திடுக்கிட்டுக் கேட்பார்கள், அதுதான் பாதுகாப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அக்கா தப்பாக அடித்ததாகத் தெரிய வேண்டும் என்றுதான் மாற்றினேன்.

மே 21, செவ்வாய்

அய்யாக்குட்டி கண் விழித்துவிட்டார். ஐ.சி.யூ. மானிட்டர் வயரைச் சரிபார்க்கிற சாக்கில் உள்ளே போனேன். பேச்சு வருகிறது, ஆனால் சொல் தேடித்தேடி வருகிறது. வலது கை விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டிய விரல்கள்.

வெளியே பெஞ்சில் வெள்ளத்தாய் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். நான் ஆஸ்பத்திரி ஆள் என்று அடையாள அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டு எழுந்து நின்றார். என்னைப் பார்த்து எழுந்து நின்றார்.

"படம் இல்லாம நாலுன்னு இருந்துச்சு சார். டாக்டரு கூட்டிட்டாகன்னு நெனச்சேன். எனக்குப் படிக்கத் தெரியாது, நம்பர் தெரியும். நாலுன்னா நாலுதான?"

ஆமாம்மா என்றேன். மானிட்டர் வயரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 22, புதன்

வேலைக்குப் போனேன். வந்தேன்.

மே 25, சனி

பழைய பதிவுகளில் மார்ச் 5-இலிருந்து ஒவ்வோர் அரை மாத்திரைக்கும் அக்கா நாலுதான் அடித்திருக்கிறார். நூற்று முப்பத்தேழு தடவை. ஒருமுறைகூட ஒன்பது இல்லை. அதை யாராவது பார்த்தால் போதும், என் சாயம் வெளுத்துவிடும். ஆனால் பார்க்கத் தெரிந்தவன் இந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருவன்தான்.

அதை நான் மாற்றவில்லை. மாற்றலாம் என்று கை போனது. மாற்றவில்லை. இதைப் பெருமையாக எழுதுகிறேனோ என்று இப்போது படித்துப் பார்க்கையில் தோன்றுகிறது.

ஜூன் 3, திங்கள்

விசாரணை பத்தாம் தேதி. தவறு நிரூபணம் ஆனால் வேலை போவதோடு நிற்காது, மருந்தாளுநர் பதிவையே ரத்து செய்யச் சொல்லி எழுதுவார்களாம். பிறகு எந்த மருந்துக்கடையிலும் அக்கா நிற்க முடியாது. தொழில்நுட்ப சாட்சி நான். கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றார் ஏ.ஓ. சார்.

"உங்களுக்கு என்ன ஆச்சு? ரசத்தையும் மோரையும் ஒண்ணா ஊத்திப் பிசையுறீங்க" என்றாள் சுகந்தா. வேலை ஜாஸ்தி என்றேன்.

ஜூன் 7, வெள்ளி

பிரகாசி அக்கா விளக்கக் கடிதம் கொடுக்க ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். கொடுத்துவிட்டு என் அறைக்கு வந்தார். மூன்று வாரத்தில் ஆள் பாதியாகிவிட்டார். என்னைத் திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்படித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தம்பி, ஒரே ஒரு சந்தேகம். கோவப்படாம சொல்லுங்க. நாலு அடிச்சா அரைன்னு நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான் எனக்கு ஞாபகம். ஆனா எல்லாரும் ஒம்பதுன்னு சொல்றாக. இப்பக்கூட ஏ.ஓ. சார் அடிச்சே காட்டுனாரு. ஒம்பதுக்குத்தான் படம் வருது. அப்ப நீங்க ஒம்பதுன்னு சொன்னத நான் நாலுன்னு மனசுல போட்டுக்கிட்டேனா?"

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் சின்னச்சின்னதா ஆரம்பிச்சுச்சு. கடைசியில எங்க பேரே தெரியல. எனக்கு அம்பத்திரண்டுதான் ஆகுது. அதான் மதுரையில நரம்பு டாக்டருகிட்ட நாளைக்கு எழுதி வச்சிருக்கேன். தலைய ஸ்கேன் பண்ணிப் பாக்கணும்னாக. போகட்டுமா தம்பி? உங்களுக்கு என்ன தோணுது?"

நான் சொன்ன பதிலை இங்கே எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

"காட்டிக்கிறது நல்லதுதானக்கா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஜூன் 8, சனி

இந்நேரம் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருப்பார்.

ஜூன் 9, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். டீ போட எழுந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தற்காலிக நினைவகம், ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னது, 9-க்கு மாற்றியது, ஏ.ஓ. சார் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றது, எல்லாம்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப நாலுதான?"

"நாலுதாங்க்கா."

"நீங்க சொன்னது நாலுதான?"

"நாலுதான். நூத்து முப்பத்தேழு தடவ சரியா அடிச்சிருக்கீங்க."

"அப்ப எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். சுவரில் சாய்ந்துகொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். சந்தோஷத்தில் அழுகிறார். வேலை போனதற்கு அழாதவர், தன் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் அழுகிறார். அதை வாசலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதைவிட ஓர் அறை விட்டிருக்கலாம்.

முகத்தைத் துடைத்த பிறகுதான் கோபம் வந்தது.

"என்னைய ஊசி போட்டு அந்தக் குழாய்க்குள்ள படுக்க வச்சாக தம்பி. உள்ள ஒரே சத்தம். எங்கப்பா பேரு, அண்ணன் பேரு, புள்ளைங்க பேருன்னு ஒவ்வொண்ணாச் சொல்லிப் பாத்துக்கிட்டே கெடந்தேன், எது மறந்துபோச்சுன்னு. நேத்து. நீங்க போகச் சொன்னீங்க."

மன்னிச்சிருங்கக்கா என்றேன்.

"அதெல்லாம் அப்பறம். நாளைக்கு அங்க வந்து சொல்லுங்க. எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு?" கதவு வரைக்கும் வந்தவர் கேட்டார்: "வெள்ளத்தாய்ட்டச் சொன்னீங்களா?"

இல்லை என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூன் 10, திங்கள்

சொல்லிவிட்டேன். பழைய பதிவுகளை அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தேன். கமிட்டியில் மூன்று பேர். பாதியில் ஒருவர் நினைவகம் என்றால் என்ன என்று கேட்டார், விளக்கினேன். குத்துவிளக்குக்காகத்தான் இடம் இல்லாமல் போனது என்றும் சொன்னேன். ஏ.ஓ. சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிரகாசி அக்காவுக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. என்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அநேகமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது நியாயம்தான்.

வெளியே வந்ததும் ஏ.ஓ. சார் தோளில் கை போட்டார். "சரி, உள்ளுக்குள்ள முடிஞ்சுது. அந்தக் குடும்பத்துக்கு மெஷின் கோளாறுன்னு ஒரு லெட்டர் போட்டுருவோம். நீ போய் எதையாவது உளறி வைக்காத."

சுகந்தாவிடம் சொன்னேன். முழுதும் கேட்டாள். பிறகு, "மாத்திரை குடுத்த அந்தப் பொம்பளை இன்னும் தான்தான் செஞ்சோம்னு நெனச்சுக்கிட்டு இருக்குமா?" என்றாள்.

ஜூன் 12, புதன்

காலை பத்து மணிக்கு வெள்ளத்தாய் வீட்டுக்குப் போனேன். தறிச் சத்தம் ஓயாத தெரு அது. அய்யாக்குட்டி கட்டிலில் உட்கார்ந்து ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தார். விரல் பழக்கத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளத்தாய் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

நான் யார் என்று சொல்லி, அந்த லேபிளைச் செய்தவன் நான்தான் என்றேன். மார்ச்சிலிருந்து ஆரம்பித்து விளக்கமாகச் சொன்னேன். புள்ளி, நினைவகம், ஏழெட்டு நிமிடம் போயிருக்கும். வெள்ளத்தாய் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்கு இதெல்லாம் வெளங்கல தம்பி. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் குடுத்தது சரியா, தப்பா?"

"சரிம்மா. கவர்ல இருந்தபடிதான் குடுத்தீங்க. கவர்ல தப்பா இருந்தது என்னால."

அவர் கணவரைப் பார்த்தார். அய்யாக்குட்டி பந்தை அமுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சொல் தேடினார். கிடைத்த சொல், "கேட்டியா?" என்பது. அதை மனைவியிடம் சொன்னார், என்னிடம் இல்லை.

"எங்க நாத்தனா மாத்திரை டப்பாவ எங்கிட்ட இருந்து புடுங்கிட்டாக தம்பி" என்றார் வெள்ளத்தாய். "அவுகதான் வந்து குடுத்துட்டுப் போறாக, ரெண்டு நேரமும். நான் தண்ணி மோந்து குடுத்தாக்கூட அத ஊத்திட்டு வேற மோந்து குடுக்காக. புருசனக் கொல்லப் பாத்தவன்னு பேசாத வீடு இந்தத் தெருவுல ஒண்ணு பாக்கி இல்ல."

சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"வாங்க. அங்க வந்து சொல்லுங்க."

நாத்தனார் வீடு மூன்றாவது வீடு. வாசலில் வைத்துச் சொன்னேன். அந்த அம்மாள் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்காரர்களையும் என் படிப்பையும் சேர்த்துத் திட்டினார். பிறகு உள்ளே போய் மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து, என்னைப் பார்க்காமல் வெள்ளத்தாயிடம் நீட்டினார். வெள்ளத்தாய் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். முடிந்தது என்று நினைத்தேன்.

"அடுத்த வீடு" என்றார்.

அடுத்த வீட்டில் சொன்னேன். எதிர்வீட்டில் சொன்னேன். டீக்கடையில் நாலைந்து ஆண்கள் இருந்தார்கள், அங்கேயும் நிறுத்திச் சொல்ல வைத்தார். முதலில் பிரிண்டர், நினைவகம் என்றெல்லாம் ஆரம்பித்தேன். நாலாவது இடத்தில், "அதெல்லாம் வேணாம், தப்பு யாரோடதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். பிறகு அப்படியே சொன்னேன். ‘தப்பு என்னுடையது. இவங்க கவர்ல இருந்தபடிதான் குடுத்தாங்க.’ ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், குடிக்க முடியவில்லை. ஒரு வீட்டில் ஒரு பெண், "நீ நல்லா இருப்பியா?" என்று கேட்டாள். பதில் எதிர்பார்த்தவள் மாதிரி நின்றாள்.

வெள்ளத்தாய் எனக்கு முன்னால் நடந்தார். என்னைத் திட்டவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, நான் சொல்லி முடிக்கும்வரை அந்த வீட்டுக்காரர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோரு இடத்தில் சொன்னேன். பன்னிரண்டாவது வீடு பூட்டிக் கிடந்தது. கல்யாணத்துக்கு விருதுநகர் போயிருக்கிறார்களாம், நாளைக்குத்தான் வருவார்களாம். அவர்கள்தான் அதிகம் பேசியவர்கள் என்றார் வெள்ளத்தாய்.

நாளைக்கு ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். சரி என்று சொல்லியிருக்கிறேன்.